சைலன்சர் விழுந்த தபசு நாள்

நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இப்போது மன்னிக்கிற வியாதி வந்திருக்கிறது. காலையில் போனைத் திறந்தால் தாமரைப் பூவுக்கு நடுவில் "மன்னித்துவிடு, மனம் லேசாகும்" என்று உங்களில் யாராவது அனுப்பியிருக்கிறீர்கள். நானும் பதிலுக்குக் கைகூப்புகிற படத்தைத் தட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, என் மனம் லேசாக வேண்டாம். அதில் இரண்டு பேர் மேல் கோபம் இருக்கிறது. ஒருவன் என் அத்தையின் புருஷன். இன்னொருவர் என் அப்பா. இந்த வயதில் அதையும் இறக்கி வைத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது சர்க்கரை வியாதியும் முழங்கால் வலியும்தான்.

அத்தையின் புருஷனை முறைப்படி மாமா என்று எழுதவேண்டும். எழுத மாட்டேன். அவன் ஊர் வாசுதேவநல்லூர், ஆகவே வாசுதேவநல்லூர்க்காரன். அந்த ஊரில் நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டில் எங்கள் ஒர்க் ஷாப் இருந்தது. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் வீடு. நடு முற்றத்தில் லாரியிலிருந்து கழற்றிப்போட்ட நீளச் சீட்டு ஒன்று கிடக்கும். வருகிறவர்கள் உட்காருவது அதில்தான். கேஸ் வெல்டிங்குக்காக அப்பா கார்பைடு கல்லைத் தண்ணீர் டிரம்மில் போடுவார். அழுகின வெள்ளைப்பூண்டு மாதிரி ஒரு வாடை கிளம்பி வீட்டுச் சோறு குழம்பு எல்லாவற்றிலும் ஏறும். விருந்துக்கு வந்தவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் காரைப் பிளசர் என்றுதான் சொல்வோம். அத்தையின் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்தது ஒரு பிளசர். மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய காரை இழுத்துவந்து, வருஷம் முழுவதும் கிடையாய்க் கிடந்து அதை எழுப்பினார். அடியில் ஓடுகிற சைலன்சர் குழாய்க்கு எங்கேயும் சாமான் கிடைக்கவில்லை. இரும்புக் குழாய்க்குள் மணலை அடைத்து, சூடு பண்ணி, முட்டுக்கொடுத்து வளைத்து, தானே வெல்டு வைத்தார். மேலே வானநீலப் பெயிண்டு. உள்ளே சீட்டு உறை மட்டும் அத்தை தைத்தது, சிவப்பு ரெக்சின். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது நகைதான். அப்பா நகையும் போட்டு காரும் கொடுத்தார். கேட்டதற்கு மேல் கொடுத்தால் தங்கச்சியை மேலாக வைத்திருப்பார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. அவர் போட்ட கணக்குகளில் பொய்த்துப்போன முதல் கணக்கு அது.

அத்தை நெடுநெடு என்று உயரமாக இருப்பாள். வாய்விட்டுச் சிரிப்பாள். அடுப்படியில் இருந்துகொண்டே ரோட்டில் போவது எந்த பஸ், எந்த லாரி, அதற்கு என்ன கோளாறு என்று சொல்வாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும்.

கல்யாணமான பெண்ணை ஆடி மாதத்தில் தாய் வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். ஆடி முடிந்ததும் புருஷன் வந்து கூட்டிப்போக வேண்டும். நம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். பிள்ளை இல்லாமல் சில வருஷங்கள் ஓடிய பிறகு ஒரு ஆடியில் வாசுதேவநல்லூர்க்காரனே அந்தப் பிளசரில் அத்தையைக் கொண்டுவந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு இறக்கிவிட்டான். காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டான். ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது, அவன் வரவில்லை.

அப்பா பழம் தட்டோடு வாசுதேவநல்லூருக்குப் போனார். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதையும் நல்ல சகுனமாகச் சொன்னார்.

"மோரு குடுத்தாவ. மனசுல விரோதம் இருந்தா மோரு குடுப்பாவளா? செத்தப் பொறுங்க. அவனே வருவான்."

"மோரைக் குடிச்சுட்டு வந்ததுதான் மிச்சம்" என்றாள் அம்மா.

அப்படியே மூன்று வருஷம் போயிற்று. மூன்றாவது வருஷம் ஆனி மாதம் ஒரு காலையில் ரோட்டில் பெரிய உறுமல் கேட்டது. டிராக்டர் என்று நான் நினைத்தேன். அத்தை தோசைக் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"நம்ம பிளசரு" என்றாள். "சைலன்சர் குழாய் அரிச்சுப் போச்சு."

கொட்டகையிலிருந்து அப்பாவும் வந்தார். அண்ணனும் தங்கையும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. "நடுக்குழாய்தான். உள்ள தண்ணி நின்னு அரிச்சிருக்கு. வயக்காட்டு ஊரு, ஈரத்துலயே நிறுத்தி வச்சிருப்பான்" என்றார் அப்பா. யாரோ தெரியாதவர் வண்டிக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அரிக்கட்டும். நல்லா அரிக்கட்டும்" என்றாள் அத்தை.

அதுவரை அவன் எங்கள் வழியாகப் போவதும் வருவதும் எங்களுக்குத் தெரியாது. அப்பா செய்த குழாய் அவ்வளவு சத்தமில்லாமல் அவனைக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தது. இப்போது அது ஓட்டை விழுந்து ஊரைக் கூப்பிட்டது. காலையில் உறுமல் கிழக்கே போகும், சாயங்காலம் மேற்கே திரும்பும். அடிக்கடி போயிற்று. கிழக்கே அவனுக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். விடை பூக்காரி வாயிலிருந்து வந்தது. குருவிகுளம் பக்கம் பெண் பார்க்கிறானாம், ஏறக்குறைய முடிந்துவிட்டதாம். முதல் சம்சாரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அவளுடைய ஆட்களே கூட்டிப்போய் வைத்திருக்கிறார்கள், சங்கரன்கோவிலில் சக்கரத்தில் உட்கார வைத்துப் பார்த்தும் குணமாகவில்லை என்று சொல்லியிருக்கிறான்.

எங்கள் கோயிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்பாள் சன்னதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரம் உண்டு. பேய் பிடித்தவர்கள், மனம் கலங்கினவர்களை அதில் உட்கார வைப்பார்கள். அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் அம்பாளைப் பார்க்கப் போவாள், கால் வலித்தால் அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுந்து வருவாள். அதை யாரோ பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சுக்காரி கேட்டாள். "ஏட்டி, உங்க அத்தை பைத்தியமாமே? சக்கரத்துல உக்காந்து ஆடுவாளாமே?" மறுநாள் கொட்டகையிலிருந்து ஒரு துண்டு கார்பைடு கல்லைத் தாளில் மடித்துக்கொண்டு போய் அவள் மைப்புட்டியில் போட்டேன். மை பொங்கி, நுரைத்து, அவள் நோட்டு, பாவாடை, மூஞ்சி எல்லாம் நீலம். டீச்சர் என்னை வெயிலில் முட்டி போடவைத்தார். முட்டி போட்டுக்கொண்டே நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

வீட்டில் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு எட்டு குருவிகுளம் போயி, எந்தங்கச்சி நல்லாத்தான் இருக்கான்னு சொல்லிட்டு வாங்க. அவ்வளவுதான? ஒரு கல்யாணத்தை நிறுத்தப் போறது பாவம்னா, இவளைப் பைத்தியம்னு சொல்லுதது பாவமில்லையா?"

"நாமளே போயிக் கலைச்சு விட்டா, அப்புறம் மாப்பிள எந்த முகத்தோட இவளைக் கூப்பிட வருவாரு?" என்றார் அப்பா. "நாலு பேரு முன்னால அவரைக் குறைச்சிரக் கூடாது. குறைச்சிட்டா இவ வாழ்க்கை அவ்வளவுதான்."

"அண்ணே, அவிய கூப்பிட வர மாட்டாவ" என்றாள் அத்தை.

"நீ பொறு."

அத்தை என்னிடம்தான் பிறகு சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மல்லிகை மொட்டு கிடந்தது, தொடுத்துக்கொண்டிருந்தோம். "நானே போயிச் சத்தம் போடலாம் மக்கா. போட்டா என்ன ஆகும்? அவிய சொன்னது சரிதான், பைத்தியந்தான்னு ஆயிரும். அழுதாலும் பைத்தியம், கத்துனாலும் பைத்தியம். என்னைய அப்படிக் கட்டிப் போட்டிருக்காவ." அவள் குரலில் அழுகை இல்லை. நூலை மட்டும் இறுக்கி இழுத்தாள், ஒரு கண்ணி அறுந்துபோயிற்று.

ஆடித்தபசு வந்தது, அம்பாள் தபசு நிற்கிற திருவிழா. தபசு நாளில் ஊரே நம்முடையது இல்லை. சுற்றுப்பட்டு கிராமத்து ஜனம் முழுக்க வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் வந்து இறங்கும். விளைந்த பருத்தி, வற்றல், பயறு என்று மடியில் கட்டிவந்து தபசு மண்டபத்தின் முன்னால் அள்ளி எறிந்து சூறை விடுவார்கள். ரோட்டிலேயே வற்றல் நெடி மூக்கில் ஏறும். வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். எங்கள் ஒர்க் ஷாப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கயிறு கட்டி நிறுத்திவிடுவார்கள்.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில் மேற்கேயிருந்து அந்த உறுமல் வந்தது. நாங்கள் எல்லாரும் சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே இருந்தோம். உறுமல் எங்கள் வாசலுக்கு நேராக வரும்போது தடால் என்று ஒரு சத்தம். பிறகு இரும்பு ரோட்டில் தேய்ந்து இழுபடுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அத்தை என் கையைப் பிடித்தாள்.

குழாய் ஒருபக்கம் அறுந்து ரோட்டில் குத்தி, மறுபக்கம் பின் அச்சில் மாட்டிக்கொண்டிருந்தது. கார் முன்னும் போகாது, பின்னும் வராது. பின்னால் மாட்டுவண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. கயிற்றுக்குக் காவல் நின்ற போலீஸ்காரர் வந்து, "இங்கன நிறுத்தக்கூடாது, ஒர்க் ஷாப்புக்குள்ள தள்ளுங்க வே" என்று விரட்டினார். போகிற ஜனத்தில் நாலைந்து பேர் தூக்கிப் பிடித்துத் தள்ள, அவனும் தள்ள, எந்த வாசலை மூன்று வருஷம் மிதிக்காமல் இருந்தானோ அந்த வாசலுக்குள் தன் கையாலேயே காரைத் தள்ளிக்கொண்டு வந்தான். அம்பாள் அன்றைக்குத் தபசில் நின்றாலும் எங்களை ஒரு கண் பார்த்தாள் என்று அம்மா பின்னாளில் சொல்வாள்.

காரிலிருந்து இரண்டு பேர் இருமிக்கொண்டே இறங்கினார்கள். வேட்டி சட்டையில் ஒரு பெரிய மீசைக்காரர். அவருக்கு மதினி முறையில் ஒரு அம்மாள். குருவிகுளத்துப் பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும். காலையில் வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளையின் வீட்டையும் வயலையும் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் தபசு பார்க்க வந்திருக்கிறார்கள். அறுந்த குழாயின் புகை முழுக்கக் காருக்குள் வந்திருக்கிறது. பெரியம்மாவுக்குக் கண் இரண்டும் சிவந்து தண்ணீராகக் கொட்டியது. "காருக்குள்ள அடுப்பு எரிச்ச மாதிரில்லா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே லாரி சீட்டில் உட்கார்ந்தார்.

வாசுதேவநல்லூர்க்காரன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்த்தார்.

"மெக்கானிக்கு, சைலன்சர் விழுந்துட்டு. சீக்கிரமா ஒட்டிக் குடும்" என்றான்.

தன் கையால் தங்கச்சியைப் பிடித்துக் கொடுத்த மனுஷனை மெக்கானிக்கு என்று கூப்பிட்டான். அப்பா கையைத் துணியில் துடைத்தார். "நிறுத்துங்க. பாக்கேன்" என்றார். யாரோ ஒரு வாடிக்கைக்காரனிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். நிலைப்படியில் நின்ற அம்மா பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

அப்பா ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, கோணியை விரித்து அடியில் போனார். சூடு ஆற குழாயில் தண்ணீர் ஊற்றினார். சுர்ரென்று ஆவி வந்தது. துருப்பிடித்த போல்ட்டுகள் சுற்றவில்லை. உளி வைத்து வெட்டினார். அரித்துப்போன நடுத்துண்டை அறுத்து வெளியே தள்ளினார். பிறகு எழுந்துவந்து பழைய இரும்புக் குவியலைக் கிளறி, ஒரு லாரிக் குழாயிலிருந்து அதே நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வளையம் வைத்து வெல்டு போட்டார். ஒரு அவசரமும் இல்லை, ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அவர் செய்த வேலை மாதிரி நல்ல வேலையை நான் பார்த்ததில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டை ஆற வைத்துவிட்டு, மாட்டுகிற இடத்தைச் சுத்தம் பண்ண மறுபடியும் காருக்கு அடியில் போனார்.

அதற்குள் அத்தை முகம் கழுவி, குங்குமம் வைத்து, ஒரு செம்பில் தண்ணீரோடு முற்றத்துக்கு வந்தாள். அம்மா தடுக்கவில்லை.

"கண்ணைக் கழுவிக்கிடுங்க பெரியம்மா. தேய்க்காதிய, தேய்ச்சா இன்னும் எரியும்" என்று முதலில் பெரியம்மாவுக்கு ஊற்றினாள். மீசைக்காரருக்குக் குடிக்கக் கொடுத்தாள். கடைசியாக வாசுதேவநல்லூர்க்காரனுக்கு முன்னால் போய் நின்று செம்பை நீட்டினாள். அவன் கை அதை வாங்கிவிட்டது. பழக்கம். வருஷக்கணக்காக அவளிடம் வாங்கிக் குடித்த கை, யோசிக்குமுன் நீண்டுவிட்டது, குடித்தும் விட்டான்.

"அத்தைக்கு முட்டுவலி தேவலையா? தைலம் வாங்கிக் குடுக்கியளா?" என்று தன் மாமியாரை விசாரித்தாள் அத்தை. "செவலைப் பசு கன்னு போட்டுட்டா?"

அவன் செம்பை வைத்துக்கொண்டு நின்றான். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த முந்தானையை இறக்கினார்.

"ஏம்மா, நீ இவருக்கு என்ன வேணும்?"

"இவியதான் என்னைய ஆடிக்குக் கொண்டாந்து விட்டாவ, பெரியம்மா. இன்னும் கூப்பிட வரல. மூணு வருசமா எனக்கு ஆடி முடியல."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வீட்டு விசேஷத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

வாசுதேவநல்லூர்க்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "நாஞ்சொன்னேம்லா, அது இதுதான். சங்கரன்கோவில்லதான் வச்சிருக்காவன்னு தெரியும், இந்த இடம்னு தெரியாது. பேச்சு நல்லாத்தான் இருக்கும். திடீர்னு மாறிரும்" என்றான். பிறகு காரைப் பார்த்துக் குனிந்தான். "மெக்கானிக்கு, நீரே சொல்லும். இந்தப் பொம்பளைக்குப் புத்தி சரியில்லதான?"

எல்லாரும் காருக்கு அடியில் பார்த்தோம். வெளியே தெரிந்தது அப்பாவின் இரண்டு பாதங்கள் மட்டும். குதிகாலில் கிரீஸ். உள்ளேயிருந்து உளி தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. தூரத்தில் மேளமும் ஒலிபெருக்கியும் கேட்டன.

"அண்ணே" என்றாள் அத்தை.

பாதங்கள் அசையவில்லை.

"பாத்தியளா?" என்றான் அவன். "கண்டவரை எல்லாம் அண்ணேம்பா."

அப்போதும் அப்பா வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் மாப்பிள்ளையைக் குறைத்துவிடக்கூடாது என்று அந்த இருட்டில் மல்லாந்து படுத்திருந்தார். அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. இதையும் பொறுத்துக்கொண்டால் அவன் ஒருநாள் மனம் மாறி வந்துவிடுவான் என்று. எனக்கு அந்தப் பாதங்களைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும் போலிருந்தது. அத்தையின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் கத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவள் கத்தவில்லை. முந்தானை நுனியை ஒரு கையால் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

மீசைக்காரருக்குச் சங்கடம். பேச்சை மாற்றுவதற்காக, வெளியே கிடந்த அரித்த துண்டைக் காலால் புரட்டி, கையில் எடுத்தார். விரல் பட்ட இடம் பொலபொலவென்று உதிர்ந்தது. "இந்தா, அப்பளமாட்டம் நொறுங்குது. புத்தி சரியில்லாதது யாருக்கு? இந்த வெல்டைப் போட்டவனுக்குத்தான் வே. கொத்தன் சாந்து அப்புன மாதிரில்லா அப்பிருக்கான்."

அப்பா வெளியே வந்த வேகத்தில் தலை கார் விளிம்பில் இடித்தது. துண்டை அவர் கையிலிருந்து பிடுங்கினார்.

"வெல்டு எங்கவே போச்சு? குழாயிலதான் அரிச்சிருக்கு. வெல்டுல ஒரு பொட்டுத் துரு காட்டும் பாப்போம். உளியை வச்சு அடியும், விடுதான்னு பாரும். மணலை அடைச்சு, சூடு பண்ணி, நானே வளைச்சு, நானே போட்டது. எந்தங்கச்சிக்குச் சீராக் குடுக்கயில போட்டது."

அப்பாவுக்கே அப்போதுதான் தான் பேசியது காதில் விழுந்தது போலும், வாய் அப்படியே நின்றது.

"தங்கச்சின்னா?" என்று கேட்டார் பெரியம்மா.

அப்பா கையில் துருப்பிடித்த துண்டோடு திரும்பி அத்தையைப் பார்த்தார். "இவதான்" என்றார்.

பெரியம்மா எழுந்தார். வாசுதேவநல்லூர்க்காரனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அத்தையிடம் போய், "எனக்குக் கூட்டத்துல கண்ணு தெரியாதும்மா. கையைப் பிடிச்சு அம்பாள்ட்டக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். மீசைக்காரர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "வே, நீரு வண்டியைச் சரி பண்ணிக்கிட்டு ஊருக்குப் போரும். நாங்க பஸ்சுல போயிக்கிடுதோம். இனிமே குருவிகுளம் பக்கம் வர வேண்டாம்" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. வாசுதேவநல்லூர்க்காரன் "அதில்ல, கேளுங்க" என்று இரண்டு எட்டு வைத்தான். ஒருவரும் கேட்கவில்லை.

வாசலைத் தாண்டும்போது அத்தை நின்று திரும்பினாள். "அண்ணே, அந்தப் பைப்பை மாட்டாதிய. இப்படியே போகட்டும்" என்றாள்.

அப்பா, "அரைகுறையா ஒரு வண்டியை அனுப்புனது இல்லியே" என்று முனகினார். புதுத் துண்டு தரையில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் குனிவதற்குள் அம்மா வந்து, அதைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

காரை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அவன் கிளப்பினான். சைலன்சர் இல்லாத எஞ்சின் சத்தம் தகரக் கொட்டகையை உலுக்கியது. புகை காருக்குள் ஏற, கதவுக் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, மேற்கே திருப்பினான். எதிரே தபசுக்கு வருகிற ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மாடுகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி வைதார்கள். பிள்ளைகள் கூடவே ஓடி ஊளையிட்டார்கள். சூறைக்கு மடியில் பருத்தி வைத்திருந்த ஒருத்தி அதை அள்ளி அவன்மேல் எறிந்தாள். ஆளைத் தெரிந்து எறிந்தாளோ தெரியாமல் எறிந்தாளோ, எனக்கு அது போதும். நான் ரோட்டோரம் நின்று அந்த உறுமல் தேய்ந்து மறைகிற வரைக்கும் கேட்டேன். அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. அத்தை பைத்தியம் இல்லை என்பதைக் குருவிகுளத்துப் பெரியம்மாவே ஊர் ஊராகச் சொன்னார். அவன் அதற்குப் பிறகு என்ன ஆனான் என்பது எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அவனுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததே அதிகம்.

ஆனால் அத்தை அன்று வாசலில் திரும்பி நின்று சொன்னதுதான் அப்பாவிடம் அவள் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. வீட்டை விட்டுப் போகவில்லை. முற்றத்தில் தையல் மெஷின் போட்டு வண்டிகளுக்குச் சீட்டு உறை தைத்தாள். நல்ல பெயர் எடுத்தாள். அப்பாவுக்குச் சோறு வைப்பாள், சட்டை துவைப்பாள். பேசுவது மட்டும் என் வழியாக. "உங்க அப்பாட்ட சொல்லு, ரெக்சின் தீந்துட்டுன்னு." அப்பா அங்கேயே நிற்பார். "வாங்கியாரேன்னு சொல்லு" என்பார். நான் கல்யாணமாகிப் போன பிறகு அம்மா வழியாக. அம்மா போன பிறகு, நடுவில் நின்று சொல்ல ஆள் இல்லாதபோது, சுவரைப் பார்த்துச் சொல்வாளாம். அப்பா எத்தனையோ தரம் என்னிடம் கேட்டிருக்கிறார், "நாந்தான சொன்னேன், இவதான்னு? நான் சொல்லித்தான கல்யாணம் நின்னுச்சு?" என்று. வெல்டைக் குறை சொன்னதும் வந்த வாய், தங்கச்சி கூப்பிட்டபோது எங்கே போயிற்று என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. அது அத்தைக்கு உரிய கேள்வி. அவள் கேட்காமலேயே அவரை வாட்டினாள். அவள் செய்தது அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்பா கடைசியாகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு மத்தியானம் அத்தை பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அத்தைட்டச் சொல்லு மக்கா. அன்னைக்கு அவ அண்ணேன்னு கூப்பிட்டப்பவே நான் வெளிய வந்திருக்கணும்னு சொல்லு."

நான் திரும்பினேன். அத்தைக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவள் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டுட்டேன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன். அப்பா காத்திருந்தார். கஞ்சியை ஊற்றி, ஆற்றி, என் கையில் கொடுத்துவிட்டு அத்தை ஜன்னல் பக்கம் போனாள்.

"வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார் அப்பா.

நான் கேட்டு வாங்கியிருந்தால் இன்னும் ஒரு சொல் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை.

"இல்லப்பா. அவ்வளவுதான்" என்றேன்.